இல்லையென்று சொல்லாதவர்

“...அப்படியெல்லாம் கேக்காதம்மா. இல்லைன்னு சொல்ற வாயை ஆண்டவன் எனக்கு வெக்கவே இல்லை. நீ கேட்டாலும் அப்படித்தான், உன் வூட்டுக்காரரு கேட்டாலும் அப்படித்தான். நான் என்னா பண்ணட்டும், நீயே சொல்லு” என்று டாக்டர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அறையில் அவரைத் தவிர என் அக்கா, அக்கா புருஷனான மாமா, நான். அக்கா அவரிடம் பிச்சை கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டு நின்றது ஒரே ஒரு சொல்லை. என் மாமா ஊசி கேட்டால் அவர் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆளைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால், இவன் கதை கட்டுகிறான் என்பீர்கள்.

திண்டிவனத்தில் அவர் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே என் சோடாக் கடை. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஒரு கூடம், உள்ளே ஒரு அறை, கம்பவுண்டர் மருந்து கலக்கிக் கொடுக்க ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு வேப்பமரம். காலையில் மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஊரில் வேறு டாக்டர்களும் இருந்தார்கள். படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் இதைத் தின்னாதே, அதைத் தொடாதே, ஊசி வேண்டாம், படுத்தாலே சரியாகும் என்று சொல்கிறவர்கள். அவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

காரணம், வந்தவன் முகம் வாடித் திரும்பிப் போக இவர் விட மாட்டார். அவரிடம் மூன்று பேச்சு உண்டு. “உனக்கு இல்லாததா?” என்பது முதலாவது. “ஒண்ணே ஒண்ணு” என்பது அடுத்தது. மிச்சத்துக்கெல்லாம் “பாத்துக்கலாம் போ.” இந்த மூன்றை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் இருபது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தார் என்றால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

சர்க்கரை வியாதி உள்ள ஒரு மளிகைக்காரர். கோடையில் ஒருநாள் வந்து உட்கார்ந்து, “டாக்டரய்யா, பங்கனப்பள்ளி மாம்பழம் வந்து எறங்கியிருக்குது. கடையில உக்கார முடியல, வாசனை ஆளையே தூக்குது” என்றார். டாக்டர் சிரித்தார். “ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க. வூட்டுல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.” மளிகைக்காரர் கோடை முழுக்க ஒண்ணே ஒண்ணாகவே சாப்பிட்டார். அடுத்த வருஷம் அவர் கால் கட்டைவிரல் கறுத்துப்போய் அதை எடுக்கும்படி ஆனது. எடுத்தது வேறு டாக்டர். சாகிற வரைக்கும் மளிகைக்காரர் திட்டித் தீர்த்தது விரலை எடுத்தவரைத்தான். “அந்தப் பாவி ஈவு இரக்கம் இல்லாம அறுத்துப்புட்டான். நம்ம டாக்டரா இருந்தா விட்டிருப்பாரு” என்பார். விட்டிருப்பார், அதில் சந்தேகமே இல்லை.

ஒரே முகூர்த்தத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம், திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். இரண்டு வீட்டாரும் வந்து, தாலி எடுத்துக் கொடுக்க நீங்கள்தான் வர வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் “உங்களுக்கு இல்லாததா?” அன்றைக்குக் காலையில் பார்த்தால் மனுஷர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். காய்ச்சலாம். சாயங்காலம் இரண்டு மாப்பிள்ளை பெண்ணும் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டுக்கே வந்து விழுந்து கும்பிட்டுப் போனார்கள். என் கடையில் சோடா குடித்த விழுப்புரத்துக்காரர், “காய்ச்சலோட கெளம்பிட்டாராம்பா. வூட்டம்மாதான் புடிச்சி நிறுத்திட்டாங்களாம். இன்னா மனுஷன்யா” என்று உருகினார். சிரிக்காமல் சோடாவை உடைத்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அருவருப்பு பிறகு வந்தது. அது பின்பக்கத்து வேப்பமரத்தடியிலிருந்து வந்தது.

பெத்தடின் என்று ஒரு ஊசி. அந்தப் பெயர் எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஊரில் அதற்குப் பெயர் இல்லை, ‘அந்த ஊசி’ என்றால் போதும். எலும்பு நொறுங்கினவனுக்கும், வயிற்றைக் கிழித்துத் தைத்தவனுக்கும், புற்று வைத்துத் துடிக்கிறவர்களுக்கும் போட வேண்டியது. அப்படிப்பட்டவர்களுக்கு இவர் போட்டதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து மார்பில் புற்றோடு ஒரு அம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வரும்போது அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் வண்டி மாடு மிரண்டது. திரும்பிப் போகும்போது பேரனுக்குக் கடலை மிட்டாய் வாங்கச் சொல்லி என் கடைப் பக்கம் கை காட்டினாள். கடைசி வரைக்கும் அவளுக்கு அந்த ஊசி போனது. அது புண்ணியம். அதைப் புண்ணியம் இல்லை என்கிறவன் மனுஷனே இல்லை.

ஆனால் இவருக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. வலி போன பிறகும் ஒருவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னும் லேசா இருக்குதுங்க” என்றால், உனக்கு இல்லாததா? அவனுக்கு மறுபடியும் மறுபடியும் வேண்டியிருக்கும். அது வலிக்காக இல்லை என்பது இவருக்குத் தெரியாதா? படித்தவர்தானே. தெரியும். சொல்ல வாய் வராது.

காலையில் கூடத்தில் கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே அந்த ஊசிக்காரர்கள் வந்துவிடுவார்கள். முன்வாசல் வழியாக வருவதில்லை. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ரைஸ்மில் முதலாளி, ஒரு ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர், பத்துக் காணி நிலம் வைத்திருந்த ஒரு விதவை அம்மாள், இன்னும் சிலர். எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து மூக்கைச் சொறிய ஆரம்பிப்பார்கள். சொறிந்துகொண்டே இருப்பார்கள். மூக்கு நுனி சிவந்து தோல் உரிந்திருக்கும். சோடா கேட்பார்கள். கோலியைத் தட்டிக் கொடுத்தால் பாட்டிலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அது பொங்கி அடங்கி, பாட்டில் வாயில் ஈ மொய்க்கும். ஒரு வாய் குடித்திருக்க மாட்டார்கள். நான் போய் விரலைப் பிரித்துப் பாட்டிலை எடுத்து வர வேண்டும். ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்த ஹெட்மாஸ்டரின் தாடையில் எச்சில் வழிந்து சட்டைப் பித்தானில் சொட்டும். ஒருநாள் அவர் சட்டைக் கையை மடித்தபோது பார்த்தேன். குத்திக் குத்தி மேல்கை கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. இடையிடையே சீழ் கட்டிய பொத்தல். “இன்னா சார் இது?” என்று கேட்டுவிட்டேன். “ஒண்ணுமில்லப்பா, டாக்டரு நல்லவரு” என்றார். நான் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் என்ன சம்பந்தம்?

கள்ளுக்கடை மூடிக் கிடந்த காலம் அது. பாண்டிச்சேரி போய்க் குடித்துவிட்டு வருகிற ஜட்கா வண்டிக்காரனைப் போலீஸ்காரன் வாயை ஊதச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போவான். எங்கள் தெருவில் ஒருவன் அப்படி மூன்று தடவை உள்ளே போனான். அவன் பெயர் ஊரில் குடிகாரன். வேப்பமரத்தடியில் இருந்தவர்களுக்குப் பெயர் பேஷண்ட்.

இந்த நிலைமையில்தான் கடலூரிலிருந்து மருந்துச் சோதனைக்கு ஓர் அதிகாரி வர ஆரம்பித்தார். ஒல்லியான ஆள். வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து ஒரு பன்னீர் சோடா குடிப்பார், குடிக்கிற வரைக்கும் பேசுவார். “இவரு பீரோவுக்குப் பூட்டு இருக்குது. சாவி இவரு இடுப்புலயே இருக்குது. வந்த மருந்துக்கும் போன மருந்துக்கும் கணக்கு சரியா இருக்குது. எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டா வலின்னு எழுதிக் காட்றாரு. பூட்டை நான் ஆட்டிப் பாக்கலாம்பா. வலியை எப்படி ஆட்டிப் பாக்கறது?” என்றார் ஒருநாள்.

“அப்ப இன்னா பண்ணப் போறீங்க?”

“ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நாள்பட்டு இந்த ஊசி போடணும்னா, இன்னொரு டாக்டரு ஆளை நேருல பாத்து, வேணும்னு கையெழுத்துப் போடணும். விதின்னா என்னா நினைச்சிக்கினு இருக்கே? இல்லைன்னு சொல்ல ஒரு ஆளு. அவ்வளவுதான் விதி. இவருக்குச் சொல்ல வரலை. சொல்ல வர்ற ஆளு ஒருத்தரை நடுவுல உக்கார வெக்கறேன்.”

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கு அவரிடம் சோடாவுக்குக் காசு வாங்கவில்லை.

நம்ம டாக்டர் அதிகாரியிடமும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. “உங்களுக்கு இல்லாததா சார்? பேஷா செய்யலாம்” என்றார். அந்த இன்னொரு டாக்டராக யாரைப் பிடித்தார் தெரியுமா? விழுப்புரத்தில் இருந்த தன் சகலையை.

இந்த இடத்தில் என் மாமாவைச் சொல்லிவிடுகிறேன். மாமா விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கிற ஷண்டிங் வேலை. தாட்டியான ஆள், சிரித்தால் நாலு வீடு கேட்கும். இரண்டு பெட்டிக்கு நடுவில் மாட்டி முழங்கால் நசுங்கிப் போனது. ரயில்வே ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். கால் சேர்ந்தது, ஆனால் வளையாது. அனுப்பும்போது, வலி போகப் போகக் குறையும், நடந்து பழகுங்கள் என்றார்கள். ஷண்டிங் இனி ஆகாது, உடம்பு சரியென்று ரயில்வே டாக்டர் எழுதிக் கொடுத்தால் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் ஆள் வேலை தருவதாக மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். கேட்டை ஒட்டி ஓட்டு வீடு ஒன்றும் உண்டு. அக்கா ஒருநாள் பஸ்ஸில் போய் அந்த வீட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தாள். “பின்னால முருங்கை மரம் இருக்குதுடா தம்பி. கேட்டை மூடறதும் தொறக்கறதும்தானே, உக்காந்துக்கினே செய்யலாம்” என்றாள். அதற்குள் அவள் மனசு அங்கே குடி போய்விட்டது.

கேட் வேலைக்கு முழங்கால் வளைய வேண்டியதில்லை. ஆனால் தூங்கி வழியக் கூடாது. வண்டி வருகிற நேரத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் யார் கேட்டைக் கொடுப்பான்?

மாமா திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நடந்து பழகும்போது வலி எடுக்கிறது என்று எதிரே இருக்கிற டாக்டரிடம் போனார். முதல் நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்து, “மச்சான், காலு இருக்கிறதே தெரியலடா” என்று என்னிடம் சிரித்தார். அது நல்ல சிரிப்பு. கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு போய் வேறு ஒரு சிரிப்பு வந்தது, எதற்கும் சம்பந்தமில்லாமல் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்று. அதன் பிறகு ஒரு காலையில், வேப்பமரத்தடி பெஞ்சில் ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில் மாமாவைப் பார்த்தேன்.

அக்கா ரயில்வே ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டாள். அங்கே இருந்த டாக்டர் கோபக்காரர், ஆனால் விஷயத்தைச் சொன்னார். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது ஆள் படுகிற பாட்டைப் பார்த்து மனசு இளகிவிடக் கூடாது, சில நாள்தான், அப்புறம் சரியாகிவிடும் என்றார். அக்கா அதை வார்த்தை தவறாமல் என்னிடம் ஒப்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கும் இரண்டாவது டாக்டரின் கையெழுத்து வாங்க வேண்டிய முறை வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். “விழுப்புரத்து டாக்டரு பாத்தாருன்னா வேணாம்னு சொல்லிடுவாரு இல்லடா? நீ கூடவே போ. அவரு காலைப் பாக்கட்டும், கண்ணைப் பாக்கட்டும்” என்றாள்.

பாசஞ்சரில் ஏறி மாமாவும் நானும் விழுப்புரம் போனோம். சகலை வீட்டு வாசலில் காத்திருந்தோம். உள்ளே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டு முற்றத்தில் கை கழுவிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பாமல், “திண்டிவனமா? நல்லா இருக்கீங்களா?” என்றார். மாமா “நல்லா இருக்கேங்க” என்றார். நல்லா இருக்கிறவனுக்கு ஊசி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஒரு பெண் உள்ளேயிருந்து காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏற்கெனவே கையெழுத்தாகி இருந்தது. ஓரத்தில் ரசக் கறை.

“டாக்டரய்யா, நீங்க ஒரு தடவை கால பாத்தீங்கன்னா...” என்றேன்.

“சகலை பாத்திருக்காரு இல்ல? அவரு பாத்தா நான் பாத்த மாதிரி. இங்க இருந்து நான் அனுப்பினா அவரு நோண்டி நோண்டிக் கேக்கறாரா?” என்று ஏப்பம் விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் விழுப்புரத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. இவர் ஆட்களுக்கு அவர் கையெழுத்து, அவர் ஆட்களுக்கு இவர் கையெழுத்து. சம்பந்தி வீட்டார் சீர் மாற்றிக்கொள்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ‘இல்லை’ சொல்வதற்காக உட்கார வைத்த ஆள் இந்தச் சகலைதான். ரயிலில் திரும்பி வரும்போது மாமா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

அடுத்த தடவை அதிகாரி சோடா குடிக்க வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாட்டிலை உருட்டிக்கொண்டே இருந்தார். “தெரியும்பா. நடுவுல எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடைஞ்சப்ப இந்த மனுஷன் கடலூரு வரைக்கும் வந்து பாத்தாரு. ஒரு பைசா தொடலை. நான் கூப்பிடக்கூட இல்லை. இப்ப இவரு மேல எப்படி எழுதறது, நீயே சொல்லு” என்றார். அன்றைக்குக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அக்கா அதோடு விடவில்லை. தனியாக டாக்டரிடம் போனாள். ரயில்வே டாக்டர் பார்க்கிற நாள் நெருங்கிவிட்டது, குறைத்து நிறுத்துங்கள், அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றாள். “உனக்கு இல்லாததா தாயி? நாளையிலேருந்து பாதிதான். அப்புறம் அதுவும் கிடையாது. உன் புருஷனை முழுசா உன் கையில குடுக்கறது என் பொறுப்பு” என்றார். அக்கா அழுதுகொண்டே வெளியே வந்து, சாலையைத் தாண்டி என் கடைக்கு வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் காசு கொடுத்துக் கலர் சோடா வாங்கிக் குடித்தாள். “தங்கமான மனுஷன்டா” என்றாள். என் அக்கா சொன்னாள் அதை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில் சொட்டச் சொட்ட மாமாவின் ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தாள். துவைக்கிற கல்லிலிருந்து அப்படியே எடுத்து வந்திருக்கிறாள். தொடைப் பக்கம் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. பழையதும் புதியதுமாக. “கையில போட்டா நான் பாத்துடுவேன்னு தொடையில போட்டிருக்காங்க” என்றாள். நானும் அவளுமாகப் போய் மாமாவைப் பிடித்துக் கேட்டோம். அவர் பொய் சொல்லவில்லை. “டாக்டருதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. ‘பாவம், அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும்’னாரு” என்றார்.

பாதியாக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அக்காவுக்கும் சரி என்றார், மாமாவுக்கும் சரி என்றார். இரண்டு கல்யாணத்துக்குக் காய்ச்சல் வந்தது மாதிரி இதற்கும் ஒன்று வரும் என்று இருந்திருப்பார்.

“இல்லைன்னு சொல்லத் தெரியாதவரு இடுப்புல இன்னாத்துக்குடா சாவி?” என்றாள் அக்கா. அந்தக் கேள்வியை விதி போடுகிறவர்கள் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மாமாவுக்கு ஊசி போடுகிற நேரத்துக்கு முன்னால், அக்கா அவரையும் கூட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போனாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டால் இவர் ஒருத்தருக்காவது இல்லை சொல்லித்தானே ஆக வேண்டும் என்று அவள் கணக்கு. நான் முதலில் சொன்ன அறை அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல வேண்டியது வேறு. கேட் வேலை மாமாவுக்குக் கிடைக்கவில்லை. ரயில்வே டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே அனுப்பிவிட்டார். முருங்கை மரத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். அக்கா மாமாவை அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் நிலத்துக்குக் கூட்டிப்போய், அங்கே இருந்த மோட்டார் கொட்டகையில் வைத்து அவளே பார்த்துக்கொண்டாள். மாமா வாந்தி எடுத்தார், பேதி போனார், காலை உதறிக்கொண்டு கத்தினார், அவளைக் காறித் துப்பினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாமா பிழைத்து எழுந்து, சைக்கிளில் மூட்டை கட்டிச் செஞ்சிச் சந்தைக்கு மல்லாட்டை போட்டுக்கொண்டு வெகு காலம் இருந்தார். ஆனால் அக்காவுக்கு அந்தப் பக்கத்தில் விழுந்த பெயர், புருஷனைக் கொட்டகையில் அடைத்து வைத்துக் கொடுமை பண்ணினவள் என்பதுதான். டாக்டருக்கு இருந்த பெயர் கடைசி வரைக்கும் மாறவே இல்லை. அவர் செத்தபோது திண்டிவனத்தில் கடை அடைத்தார்கள். நான் அடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் அவர் நல்லவராக இருந்ததற்கு, அவர் சொல்லாமல் விட்ட அத்தனை இல்லையையும் வேறு யாரோ சொல்லிக் கெட்டவர்களானார்கள். விரலை எடுத்த டாக்டர் ஒருத்தர். என் அக்கா ஒருத்தி.

இனி அந்த அறைக்கு வருவோம்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேளை தப்பிக்கொண்டிருந்ததால் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணு போடச் சொல்லு மச்சான்” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். யாருடைய பேச்சு அது என்று எனக்குத் தெரியாதா?

நான் என்ன பண்ணட்டும் என்று டாக்டர் கேட்டாரே, அதற்கு அக்கா பதில் வைத்திருந்தாள். “ஒண்ணும் பண்ண வேணாங்க. அவரு மூஞ்சப் பாத்து, என் எதிருக்க, ‘இல்லை’ன்னு ஒரு தடவை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. அதுக்கப்புறம் அவரு படற பாடு, படுத்தற பாடு எல்லாம் என்னுது. நான் பாத்துக்கறேன்.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமான கண்ணீர்தான், அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். ஒரு மருந்துக் குப்பியை எடுத்துச் சின்ன அரத்தால் கழுத்தை அறுத்து, ஒடித்து, ஊசியில் இழுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காற்றைப் போக்கினார். மாமாவின் கொட்டாவி நின்றது. டாக்டர் ஊசியை ஒரு பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் வைத்து, தட்டை ஒரு பிரசாதம் மாதிரி அக்காவின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

“உன் புருஷன். போடச் சொன்னா போடறேன், வேணாம்னா நீயே வேணாம்னு சொல்லிடு தாயி” என்றார்.

சொல்லிவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, கூடத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.